தேகநியமம் காத்த தத்துவஞானி இமானுவேல் காண்ட்

உடலைப் பேணுதல் வேண்டும் என்று சொல்லாத பெரியோர் இல்லை. அதனைக் கேட்டுத் தலையசைக்காத இளைஞரும் இல்லை. எனினும், தைப்பொங்கலன்று பேரார்வத்துடன் தொடங்கப்பெறும் தேகாப்பியாசம் மாசி பிறக்குமுன்னே மறைந்துபோவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். வைகறையில் எழுவேன் என்றவர் வெயில் ஏறியபின் எழுகின்றார். மாலையில் நடப்பேன் என்றவர் படலை வரை வந்து, மழைக் கோலம் கண்டு திரும்பிவிடுகின்றார். இதற்குக் காரணம் யாது?

சோம்பல் என்று எளிதிற் கூறிவிடலாம். சற்று ஆழ்ந்து நோக்கின் வேறொன்று தெரியவரும். உற்சாகத்தினால் தொடங்கிய கருமம், உற்சாகம் வற்றியதும் தானும் வற்றிவிடுகின்றது. நாம் ஒவ்வொரு நாளும் மனத்தைப் பார்த்து, இன்று விருப்பமுண்டா என்று கேட்கின்றோம். மனமோ ஒருநாள் ஆம் என்னும். மறுநாள் உடம்பு அலுப்பு என்னும். மூன்றாம் நாள் நாளைக்குப் பார்க்கலாம் என்னும். இவ்வாறு நாளுக்கொரு விடை தருவோனிடம் உடலைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்தால் அது எங்ஙனம் நிறைவேறும்?

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டு, அதற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிய ஒருவரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூற விழைகின்றோம். அவர் மல்லரல்லர், போர்வீரரல்லர், ஐந்தடியைச் சற்றே கடந்த உயரமும், மெலிந்த உடலும் உடைய ஒரு பேராசிரியர். மேனாட்டுத் தத்துவ உலகின் போக்கையே மாற்றியமைத்த இமானுவேல் காண்ட் என்பவரே அவர்.

பிறப்பும் இளமையும்

காண்ட் 1724ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் துறைமுகப் பட்டினமாகிய கோனிக்ஸ்பேர்க்கிற் பிறந்தார். அந்நகர் இன்று கலினின்கிராட் என்னும் பெயருடன் ருஷ்யாவைச் சேர்ந்துள்ளது. தந்தையார் குதிரைகளுக்கு வேண்டிய தோல்வார்கள் செய்து விற்கும் தொழிலாளி. குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. அன்னையார் ஆனா ரெஜீனா அதிகம் படித்தவரல்லர். ஆயினும் மகனைக் கையிற் பிடித்து ஊர்ப்புறத்துக்கு அழைத்துச் சென்று, செடிகொடிகளையும் விண்மீன்களையும் காட்டி வியக்கச் செய்தவர். அவ்வம்மையார் 1737இல், மகனுக்குப் பதின்மூன்று வயதாயிருக்கையில், நோய்வாய்ப்பட்டு மறைந்தார். தந்தையாரும் 1746இல் உயிர்நீத்தார்.

1740இற் சொந்த நகரின் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த காண்ட், வறுமையோடு போராடிக் கற்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் செல்வர் வீடுகளிற் பிள்ளைகளுக்குப் போதித்தார். 1755இற் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் உரிமை பெற்றார். அக்காலத்தில் அத்தகைய ஆசிரியர்க்குச் சம்பளம் கிடையாது. மாணவர் கொடுக்கும் கட்டணமே ஊதியம். நிலையான பேராசிரியர் பதவி கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து, ஆண்டு 1770.

ஒடுங்கிய மார்பு

வறுமையினும் கொடிய பகை ஒன்று அவருடன் பிறந்திருந்தது. அவருடைய மார்பு தட்டையாகவும் ஒடுங்கியும் இருந்தது. இருதயமும் நுரையீரலும் தாராளமாக அசைவதற்கு அங்கே இடம் போதாது என்பதை அவர் உணர்ந்தார். மூச்சு அடைப்பது போன்ற ஓர் அழுத்தம் ஓயாதிருந்தது. அதனோடு சேர்ந்து மனக்கலக்கமும் வந்தது. உடலில் எங்கே என்ன நேர்கின்றது என்று எந்நேரமும் கவனித்துக்கொண்டிருப்பவனுக்கு நோய் இல்லாத இடமே இராது. சிறு வலியும் பெருநோயாய்த் தோன்றும். பெருநோய் என்ற எண்ணம் மேலும் வலியைக் கூட்டும். இளமையில் ஒருகாலம் இக்கலக்கம் தமக்கு உயிர்வாழ்வையே வெறுக்கும் நிலையை உண்டாக்கியதென்று முதுமையில் அவரே வெளிப்படையாக எழுதியுள்ளார்.

அந்நிலையிலிருந்து அவர் மீண்ட வழி நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. எந்த மருந்தும் அவரை மீட்கவில்லை. திடீரென வந்த மகிழ்ச்சியும் மீட்கவில்லை. அவர் அமைதியாக இருந்து சிந்தித்தார். இவ்வழுத்தம் மார்பின் அமைப்பினால் வருவது. அமைப்பை மாற்ற இயலாது. ஆகவே அழுத்தம் இருக்கவே செய்யும். அது மார்பில் இருக்கட்டும். சிந்தனைக்குள் நுழைய அதற்கு என்ன உரிமை? இவ்வாறு தீர்மானித்து, அதைக் கவனிப்பதை விட்டார். அழுத்தம் போகவில்லை. ஆயினும் அது அன்றாடக் கருமங்களைத் தடுக்கும் வலிமையை இழந்தது. மார்பு இறுகியிருக்கும்போதே தலை தெளிந்திருக்கவும், நண்பரோடு இயல்பாக உரையாடவும் அவரால் இயன்றது.

உணர்ச்சியை அழித்துவிட்டுப் பின் கருமம் செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. உணர்ச்சி ஒருபுறம் இருக்க, கருமம் மறுபுறம் நடந்தது. இப்பாடமே அவருடைய பிற்கால வாழ்வின் அத்திவாரமாயிற்று.

நண்பர் கிறீன்

காண்ட் பிறவியிலேயே கடிகாரம்போல் இயங்கியவர் என்று பலர் நினைப்பர். அது தவறு. இளம் ஆசிரியராயிருந்த காலத்தில் அவர் நன்றாக உடுத்துவார், பில்லியர்ட் ஆடுவார், சீட்டாடுவார், விருந்துகளிற் சிரித்துப் பேசி இரவிற் காலந்தாழ்த்தி வீடு திரும்புவார். நாற்பது வயதையொட்டியே அவருடைய வாழ்க்கை ஒழுங்குக்குள் வந்தது. இஃது இளைஞர்க்கு மட்டுமன்றி, காலம் கடந்துவிட்டதே என்று ஏங்கும் மூத்தோர்க்கும் ஆறுதல் தரும் செய்தியாகும்.

இம்மாற்றத்துக்குத் துணைநின்றவர் யோசேப் கிறீன் என்னும் ஆங்கில வணிகர். இவர் கோனிக்ஸ்பேர்க்கிற் குடியேறி வாணிகம் நடத்தியவர். நேரந்தவறாமைக்கு ஊரெங்கும் பெயர்பெற்றவர். ஒருமுறை இருவரும் மறுநாட் காலை எட்டு மணிக்கு வண்டியில் உலாச் செல்வதாகப் பேசிக்கொண்டனர். மறுநாள் ஏழே முக்காலுக்குக் கிறீன் கையிற் கடிகாரத்துடன் அறையில் உலாவினார். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையிற் தொப்பியை அணிந்தார். ஐந்து நிமிடம் இருக்கையிற் கைத்தடியை எடுத்தார். எட்டு அடித்ததும் வண்டியில் ஏறிப் புறப்பட்டுவிட்டார். இரண்டு நிமிடம் பிந்திய காண்ட் பாலத்தின்மேல் எதிரே வந்து கைகாட்டினார். வண்டி நிற்கவில்லை!

இதனைச் சொல்லிச் சிரித்த காண்ட், அதிலிருந்து கற்றும்கொண்டார். பிற்பகல்தோறும் அவர் கிறீன் வீட்டுக்குச் செல்வது வழக்கம். அங்கே கிறீன் நாற்காலியில் அயர்ந்திருப்பார். காண்டும் பக்கத்தில் அமர்ந்து கண்மூடுவார். பின்னர் வேறு நண்பரும் வந்துசேர உரையாடல் நடக்கும். மாலை ஏழு மணிக்குக் காண்ட் விடைபெறுவார். அது எவ்வளவு தவறாமல் நடந்ததென்றால், பேராசிரியர் இன்னும் இவ்வழியே போகவில்லை, ஆகவே ஏழு மணி ஆகியிராது என்று அத்தெருவார் பேசிக்கொள்வார்களாம். காண்டின் நடையைக் கண்டு ஊரார் கடிகாரத்தைத் திருத்தினர் என்று பின்னாளிற் கவிஞர் ஹைனே எழுதியதற்கு இத்தகைய செய்திகளே மூலமாயிருத்தல் கூடும்.

ஒருநாளின் ஒழுங்கு

அவருடைய நாள் எவ்வாறு நடந்தது என்பதைப் பார்ப்போம். லாம்பே என்னும் ஓய்வுபெற்ற போர்வீரர் சுமார் நாற்பது ஆண்டுகள் அவருக்குப் பணியாளராயிருந்தார். கோடையாயினும், பனி உறையும் மாரியாயினும், காலை ஐந்து மணிக்குச் சற்றுமுன் லாம்பே படுக்கையறைக்குள் நுழைந்து, நேரம் வந்துவிட்டதென்று படைவீட்டுக் குரலில் அறிவிப்பார். காண்ட் உடனே எழுவார். இரவு முழுவதும் உறக்கமின்றிப் புரண்டிருந்தாலும் எழுவார். இன்னும் சற்றுநேரம் தூங்கவிடு என்று தாமே கேட்டாலும் விடக்கூடாது என்பது லாம்பேக்கு அவர் இட்டிருந்த கட்டளை. முப்பது ஆண்டுகளில் ஒருநாளாவது தம்மை இருமுறை எழுப்ப நேர்ந்ததுண்டா என்று விருந்தினர் முன்னிலையில் லாம்பேயிடம் கேட்டு, இல்லையென்ற விடையைப் பெற்றுப் பெருமிதங்கொள்வார்.

இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வைகறையில் அரைத்தூக்கத்திலிருக்கும் மனிதன் நீதிபதியாயிருக்கத் தகுதியற்றவன் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே தெளிந்த நேரத்திற் தாம் செய்த தீர்மானத்தைக் காக்கும் பொறுப்பை வேறொருவர் கையில் முன்கூட்டியே கொடுத்துவைத்தார்.

எழுந்ததும் மெல்லிய தேநீர். ஒரேயொரு சுங்கான் புகையிலை. பின்னர்ப் பாட ஆயத்தம். ஏழு மணி தொடக்கம் விரிவுரை. அதன்பின் முற்பகல் முடியும்வரை எழுத்துவேலை. ஒரு மணிக்கு விருந்தினருடன் உணவு. பிற்காலத்தில் நாளொன்றுக்கு அஃதொன்றே அவருடைய முழு உணவு. 1786இற் கிறீன் இறந்தபின் இரவுணவை அறவே விட்டுவிட்டார். உணவுக்குப்பின் உலாவல். மாலையில் வாசிப்பு. படுக்கைக்குக் கால்மணி நேரத்துக்கு முன் கடுஞ்சிந்தனை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். இரவு பத்து மணிக்கு உறக்கம்.

உலாவலுக்குச் செல்கையிற் பிற்காலத்தில் அவர் தனியே செல்வதையே விரும்பினார். வாயை மூடி மூக்கினாலே மூச்சுவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. துணைவர் வந்தாற் பேச நேரும். பேசினால் வாய் திறக்கும். இப்பழக்கத்தினால் தமக்குத் தடிமனும் இருமலும் குறைந்தன என்று அவர் நம்பினார். வியர்வை அரும்பும்போல் இருந்தால் நிழலில் நின்று இளைப்பாறுவார். வியர்வைக்கு அஞ்சியது அக்கால எண்ணம். இக்கால மருத்துவர் இளைஞரை வியர்க்க விளையாடும்படியே சொல்வர். விவரங்களிற் காலம் அவரைக் கடந்துவிட்டது. வானம் எவ்வாறிருந்தாலும், மனம் எவ்வாறிருந்தாலும் நடையை விடக்கூடாது என்னும் உறுதியையோ எந்தக் காலமும் கடக்கவில்லை.

ரூசோ எழுதிய எமில் என்னும் நூல் 1762இல் வெளிவந்தபோது, அதனைக் கீழேவைக்க மனமின்றிக் காண்ட் தம் உலாவலைத் தவறவிட்டார் என்று ஒரு கதை உண்டு. இத்தவறு ஒரு கதையாக நிலைத்துவிட்டதே அவருடைய ஒழுங்குக்குச் சான்றாகும். நாம் உலாவாத நாட்களைப் பற்றி யார் கதை சொல்லப்போகின்றார்!

ஒருமுறை தீர்மானம்

காண்டின் வழக்கம் இதுவே: ஒரு விடயத்தில் அனுபவம் கற்பித்ததைக் கொண்டு ஒரு விதி வகுத்துக்கொள்வார், வகுத்தபின் அதனைப் பற்றி நாள்தோறும் தம்மோடு வழக்காடமாட்டார்.

ஒருநாள் பிரபு ஒருவர் அவரைத் தம் வண்டியிற் கிராமப்புறத்துக்கு அழைத்துச் சென்றார். உலா நீண்டுகொண்டே போய், வீடு திரும்ப இரவு பத்து மணியாகிவிட்டது. காண்டுக்கு மனவருத்தம் மிகுந்தது. ஆயினும் அப்பிரபுவோடு அவர் சண்டையிடவில்லை. வருத்தத்தை நெஞ்சில் வைத்துப் புழுங்கவுமில்லை. தாமே வாடகைக்கு அமர்த்தி, தாமே கட்டளையிடக்கூடிய வண்டியிலன்றி வேறு வண்டியில் இனி ஏறுவதில்லை என்று ஒரு விதி செய்துகொண்டார். அத்துடன் அவ்விடயம் முடிந்தது.

மருந்திலும் அவ்வாறே. வைத்திய நண்பர் ஒருவர் கூறியபடி நாள்தோறும் ஒரு குளிசை உட்கொண்டுவந்தார். பின்னர் இரண்டாக்கும்படி யோசனை கூறப்பட்டது. இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும், இதற்கு எல்லை ஏது என்று சிந்தித்து, வாழ்நாளில் இரண்டுக்கு மேற்போவதில்லை என்று வரம்பு கட்டிக்கொண்டார். கோப்பியின் மணத்தில் அவருக்கு ஆசை மிகுதி. எனினும் அது தமக்கு ஆகாதென்று கருதிப் பல்லாண்டுகள் அதனைத் தொடவில்லை.

இரவில் உறக்கம் வராதபோது, உறக்கம் வரவில்லையே என்று வெகுளவுமில்லை, அஞ்சவுமில்லை. விருப்பும் வெறுப்பும் எழுப்பாத ஏதேனும் ஒரு பெயரை, உதாரணமாகச் சிசரோ என்பதை, மனத்திற் கொண்டு அதிலேயே கவனத்தை நிறுத்துவார்; சற்றுநேரத்தில் உறங்கிப்போவார். நள்ளிரவிற் தாகமெடுத்தால், இருளிற் தட்டுத்தடுமாறி எழாமல், மூக்கினால் ஆழ்ந்து சில மூச்சுகள் இழுத்து அதனை அடக்குவார்.

யேனா நகர வைத்தியர் ஹுபெலாண்ட் என்பவர் ஆயுளை நீட்டிக்கும் கலையைப் பற்றித் தாம் எழுதிய நூலைக் காண்டுக்கு அனுப்பிவைத்தார். அதற்கு விடையாகவே, வெறுந் தீர்மானத்தினால் நோயுணர்ச்சிகளை ஆளும் மனவலிமை பற்றிய கட்டுரையைக் காண்ட் வரைந்தார். அது 1798இல் அவருடைய நூலொன்றின் இறுதிப் பகுதியாக வெளிவந்தது. மேலே கூறிய மார்பின் கதையும், உறக்கத்தின் கதையும், மூச்சின் கதையும் அதிலேயே உள்ளன. நோயை மறைத்து வைத்தியரைத் தவிர்க்கும்படி அவர் யாருக்கும் போதிக்கவில்லை. அவருக்கே வைத்திய நண்பர் பலர் இருந்தனர். உணர்ச்சி எதுவரை ஆளலாம், அறிவு எங்கே ஆளவேண்டும் என்னும் எல்லையையே அவர் வகுத்தார்.

அவருடைய தத்துவத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், விருப்பம் தூண்டுவதனாற் செய்யும் நற்செயலையும், கடமை என்று உணர்ந்து செய்யும் நற்செயலையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். அங்கே வாதநோயாளன் ஒருவனை உதாரணமாக்குகின்றார். அவன் இன்று சுவையானதை உண்டு நாளை துன்பப்படலாம் என்று கணக்குப் போடுகின்றான். நலத்தின்மேல் அவனுக்கு அப்பொழுது ஆசையே இல்லை. அப்பொழுதும் தன் நலத்தைப் பேணுதல் அவனுக்குக் கடமையாக எஞ்சி நிற்கின்றது என்பதே காண்டின் கருத்து. ஆசை இருக்கும்போது உடலைப் பேணுதல் யார்க்கும் எளிது. ஆசை அற்றுப்போன நாளிலும் பேணுவதற்கே விதி வேண்டியிருக்கின்றது.

உணர்ச்சியற்றவரா?

இவற்றையெல்லாம் கேட்டு, காண்ட் மரப்பொம்மை போன்றவர் என்று எண்ணிவிடலாகாது. அவருடைய உணவு மேசையிற் சிரிப்பொலி ஓயாது. தனியே உண்பதை அவர் வெறுத்தார். விருந்தினர் மூவருக்குக் குறையவும் ஒன்பதின்மருக்கு மேற்படவும் கூடாது என்பது அவர் வகுத்த கணக்கு. கடுகுக் குழம்பைத் தாமே தயாரிப்பார். சிரிப்பு உடலுக்கு நலந்தரும் என்று தம் நூலிலும் எழுதியிருக்கின்றார். அண்டைவீட்டுச் சேவல் கூவியதைப் பொறுக்காமல் வீடு மாறியவரும் அவரே. அவருக்கு எரிச்சலும் உண்டு, அன்பும் உண்டு.

பலவீனமும் உண்டு. நாளுக்கு ஒரே சுங்கான் என்பது விதி. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சுங்கானின் கிண்ணம் பெரிதாகிக்கொண்டே வந்ததாம்! விதியின் எழுத்தைக் காத்து அதன் உட்பொருளைத் தளர்த்தும் தந்திரம் மேதைகளையும் விடுவதில்லை. புகையிலையின் தீமையை நன்கறிந்த நாம் அந்த ஒன்றையும் விலக்குவதே நன்று.

ஆகவே, உணர்ச்சியை அவர் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. உணவு மேசையில் அதற்கு நல்ல ஆசனம் கொடுத்தார். காலை ஐந்து மணிக்கும் உலாவல் வேளையிலும் மட்டும் அதனிடம் யோசனை கேட்கவில்லை.

இவ்வாறு காத்த உடலினாற் பெற்ற பயன் யாது? அவருடைய முதற் பெருநூலாகிய தூய அறிவின் திறனாய்வு 1781இல் வெளிவந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அதன் துணைநூல்கள் 1788இலும் 1790இலும் வந்தன. ஒடுங்கிய மார்புடைய அம்மனிதர் நாற்பதுக்குப் பின் தம்மை ஒழுங்குசெய்யாது ஐம்பதில் மாண்டிருந்தால், உலகம் அவரை இன்று அறிந்திராது.

முதுமை

காண்ட் 1796இல் விரிவுரையை நிறுத்தினார். நினைவு மெல்ல மெல்லத் தளர்ந்தது. தலையில் உண்டான ஒருவகை அழுத்தம் சிந்தனை இழையை அறுத்துவிடுகின்றது என்றும், இதனைத் தீர்மானத்தினால் வெல்ல முடியவில்லை என்றும் மேற்கூறிய கட்டுரையிலேயே அவர் ஒப்புக்கொண்டார். தம் முறைக்கு எல்லை உண்டென்பதை மறைக்காத நேர்மை அது.

1802இல் லாம்பே விலக்கப்பட்டார். குடிப்பழக்கமும் முரட்டுத்தனமும் அப்பணியாளரைக் கெடுத்திருந்தன. நாற்பதாண்டுப் பழக்கம் எளிதில் மறையுமா? லாம்பேயின் பெயரை இனி மறந்துவிடவேண்டும் என்று காண்ட் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். மறப்பதற்கே நினைவூட்டல் எழுதிய அம்முதியவரை நினைத்தாற் புன்னகையும் வரும், கண்ணும் கலங்கும்.

அறிவு தளர்ந்தபோது பழைய ஆசைகள் தலைதூக்கின. பல்லாண்டு தொடாத கோப்பியைக் கேட்டார். அது வரும்வரை குழந்தைபோற் பொறுமையிழந்தார். பாலாடைக்கட்டியில் அடங்காத ஆசை உண்டாயிற்று. 1803 ஒக்டோபரில் அதனை அளவின்றி உண்டதைத் தொடர்ந்து, அம்மாதம் 8ஆம் நாள் மயங்கி வீழ்ந்தார். நோயிற் படுக்கையோடு கிடந்தது வாழ்க்கையில் அதுவே முதன்முறை என்று, கடைசிக் காலத்தில் அவரைப் பேணிய வசியான்ஸ்கி என்னும் குருவானவர் எழுதிவைத்துள்ளார். எண்பதை நெருங்கும்வரை நோய்ப்படுக்கை அறியாத வாழ்வு, பிறவியிலே நலிந்த ஓர் உடலுக்கு வாய்த்ததை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மரணத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன் வைத்தியர் அவரைப் பார்க்க வந்தார். காண்டுக்குக் கண் மங்கிவிட்டது, பேச்சுத் தெளிவில்லை, நிற்கவும் வலுவில்லை. எனினும் எழுந்து நின்றார். அமரும்படி வைத்தியர் வேண்டினார். அவர் அமரவில்லை, கால்கள் நடுங்க நின்றுகொண்டேயிருந்தார். வைத்தியருக்குக் காரணம் புரியவில்லை. விருந்தினர் அமருமுன் வீட்டுக்காரர் அமரமாட்டார் என்று அருகிலிருந்த வசியான்ஸ்கி எடுத்துரைத்தார். வைத்தியர் அமர்ந்ததும் காண்டும் அமர்ந்தார். மனிதத்தன்மை தம்மைவிட்டு இன்னும் நீங்கவில்லை என்பதை அரும்பாடுபட்டுச் சொற்கூட்டித் தெரிவித்தார். வைத்தியரின் கண்கள் நீர்மல்கின.

1804 பெப்ரவரி 12ஆம் நாள் முற்பகல் பதினொரு மணியளவில் அவருடைய உயிர் பிரிந்தது. எண்பது வயது நிறைய இரண்டு மாதங்களும் சில நாட்களுமே இருந்தன. நிலம் உறைந்துகிடந்தமையால் அடக்கம் இரண்டு வாரத்துக்குமேல் தாமதமாயிற்று. மணிகள் ஒலிக்க, நகரமே திரண்டு அவரை வழியனுப்பியது. அவருடைய சமாதி பழைய பேராலயத்தின் பக்கத்தில் இன்றும் உள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

இளைஞர்காள்! காண்டின் ஐந்து மணியையோ, ஒருவேளை உணவையோ அப்படியே எடுத்துக்கொள்ளுமாறு நாம் கூறவில்லை. அவரவர் உடலுக்கும் தொழிலுக்கும் ஏற்ற நியமத்தை அவரவர் வகுக்கவேண்டும். வளரும் பிள்ளைக்கு வேண்டிய உணவும் உறக்கமும் வேறு. முதியவருக்கு வேண்டியவை வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மனம் தெளிந்திருக்கும் ஒரு நேரத்தில், செய்யக்கூடிய அளவில், ஒரு சிறு நியமத்தை வகுத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேர நடையாயினும் போதும். அதற்கு ஒரு நேரத்தைக் குறியுங்கள். உங்களை எழுப்புவதற்கு வீட்டில் ஒரு லாம்பேயை, உடன் நடப்பதற்கு ஊரில் ஒரு கிறீனைத் தேடிக்கொள்ளுங்கள். அதன்பின் அந்நேரம் வரும்போது விருப்பமுண்டா என்று மனத்தைக் கேளாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் திறவுங்கள். ஒருநாள் தவறினால் அதற்காக நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். வருத்தமும் ஓர் உணர்ச்சியே; அதன் சொற்கேட்டு நியமத்தைக் கைவிட்டோர் பலர். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் புறப்பட்டாற் போதும்.

பெரியோர்களே! எழுந்திரு, ஓடு, உடம்பை வளர்த்துக்கொள் என்று பிள்ளைகளுக்கு உற்சாகமூட்டுவது நல்லது. அவ்வுற்சாகம் வடிந்த நாளில் அவர்களை ஏசாமல், அந்நாளிலும் அதே நேரத்தில் அவர்களுடன் நான்கடி நடந்துகாட்டுவது அதனினும் நல்லது.

உற்சாகம் ஒரு விருந்தாளி. வந்தால் வரவேற்போம், போனாற் போகட்டும். நியமமே வீட்டுக்காரர். நிற்க வலுவற்ற நிலையிலும் அம்முதியவரை எழுந்து நிற்கச் செய்தது அன்றைய உற்சாகமா? சுமார் நாற்பது ஆண்டுகளாக அவர் காத்த நியமம், கடைசி ஒன்பது நாட்களிலும் அவரைக் காத்துநின்றது.